ராஜா காப்பு

எங்கள் குடும்பத்தில் கல்யாணமான ஆண்கள் எல்லோரும் கல்யாணப் புகைப்படத்தில் அக்குளில் கட்டி வந்தவர்களைப் போல நிற்பார்கள். இரண்டு கையும் உடம்பில் படாமல் விலகியே இருக்கும். முகத்தில் சிரிப்பு உண்டு, ஆனால் அது பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. தாத்தா அப்படித்தான் நிற்கிறார். அப்பாவும் அப்படித்தான். என் கணவர் படத்தில் மட்டும் ஒரு கைதான் விலகி இருக்கும். அந்த இன்னொரு கை எப்படி உடம்போடு ஒட்டிக்கொண்டது என்பதைச் சொல்லாமல் இதை எழுத முடியாது.

எல்லாவற்றுக்கும் காரணம் ராஜா காப்பு. கெட்டி வெள்ளியில் இரண்டு வளையங்கள். உரித்த தேங்காய் ஒன்று தாராளமாக உள்ளே போகும், அவ்வளவு அகலம். எங்கள் முப்பாட்டனுக்கு ஒரு ராஜா தன் தோளிலிருந்தே கழற்றிப் போட்டது என்று வீட்டில் சொல்வார்கள். அதனால் எங்கள் வீட்டில் மாப்பிள்ளையாக உட்காருகிறவர், சொந்தப் பிள்ளையோ, பெண் எடுக்க வந்தவரோ, முகூர்த்தத்தன்று இரண்டு தோளிலும் அதைப் போட்டுக்கொண்டுதான் மணையில் உட்கார வேண்டும். எந்த மனிதத் தோளிலும் அது நிற்காது. ஆகவே ஈரிழைத் துண்டை நாலாக மடித்துத் தோளில் சுற்றி, அதன் மேல் காப்பை ஏற்றி, வழியாமல் இருக்கக் கையை விலக்கி வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். சித்திரை வெயிலில் பட்டு அங்கவஸ்திரத்துக்கு அடியில் இரண்டு ஈரிழைத் துண்டு. பாவம், அவர்கள் பல்லைக் கடிக்காமல் என்ன செய்வார்கள்?

"ஏன்ப்பா இவ்வளவு பெருசா இருக்கு?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன்.

"அந்தக் காலத்து ராஜாக்கள் உடம்பு அப்படிம்மா," என்பார் அப்பா.

எதற்காகக் கொடுத்தார் என்று கேட்டால் ஒரு நாள் புலி வரும், ஒரு நாள் பாம்பு வரும், ஒரு நாள் ராஜாவுக்கே கிடைக்காத நல்ல யோசனை வரும். மூன்றும் எப்படி ஒன்றாக இருக்கும் என்று மடக்கினால், "ராஜா குடுத்தா வாங்கிக்கணும். காரணம் கேக்கக்கூடாது," என்று முடித்துவிடுவார். எனக்கு வாய்த் துடுக்கு ஜாஸ்தி. அந்த ராஜாவை நான் நம்பவில்லை என்று ஏழு வயதிலேயே அறிவித்துவிட்டேன். அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

அம்மா நான் சின்னவளாக இருக்கும்போதே போய்விட்டாள். மயிலாப்பூரில் ஒரு மாடிப் போர்ஷனில் என்னை வளர்த்தது இரண்டு ஆண்கள், அப்பாவும் சித்தப்பாவும். சித்தப்பா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாரத்தில் ஆறு நாள் தபால் பிரிக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் லீக் கிரிக்கெட் ஆட்டங்களுக்கு அம்பயர். விரலைத் தூக்கினால் தூக்கினதுதான், ஆட்டக்காரன் அழுதாலும் இறக்கமாட்டார். பள்ளிக்கூடத்துக்கு எனக்குப் பின்னல் போட்டுவிட்டவர் அவர்தான். இடது பின்னல் காதுக்கு மேலும் வலது பின்னல் காதுக்குக் கீழுமாக இருக்கும். டீச்சர் கேட்டால், "எங்க சித்தப்பா முடிவு பண்ணிட்டாரு, மாத்தமாட்டாரு," என்பேன்.

தாத்தா கண்ணை மூடுவதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு காப்பு கொடுத்தார். எது எந்தக் கையுடையது என்று சொல்லாமல் போனதுதான் அவர் செய்த தப்பு. அப்பாவின் காப்பில் உள்பக்கம் ஒரு கோடு கீறியிருக்கும். சித்தப்பாவுடையதில் இரண்டு கோடு. ஒன்று என்றால் முதல், முதல் என்றால் வலது கை, ஆகவே தன்னுடையதுதான் ராஜாவின் வலது கை என்றார் அப்பா. இரண்டு கோடு என்றால் இரட்டிப்பு மரியாதை, வாள் பிடிக்கிற கைக்குத்தான் அது பொருந்தும் என்றார் சித்தப்பா. சும்மா பேச்சுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். அடுத்து வந்த முதல் கல்யாணம் என்னுடையது. மாப்பிள்ளையின் வலது தோளில் யார் காப்பு ஏறுவது என்று, ஐயர் அவசரப்படுத்திக்கொண்டிருக்கிற நேரத்தில், இரண்டு பேரும் ஆளுக்கொரு துண்டோடு நின்று சண்டை போட்டார்கள். அப்பா, "மூத்தவன் நான்," என்று தன் காப்பை வலது தோளில் ஏற்றிவிட்டார். சித்தப்பா தன் காப்பை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு விலகிப்போனார். தாலி கட்டும் வரை ஒரு தூணோரம் நின்றார். அட்சதை போட்டார். பிறகு பந்தியில் உட்காராமல் போய்விட்டார்.

கல்யாண வீட்டில் கை நனைக்காமல் போவது எங்கள் பக்கம் சின்ன விஷயம் இல்லை. சாவுக்குக்கூட வரமாட்டேன் என்று சொல்வதற்குச் சமம். அதுவும் என் கல்யாணத்தில், என் சித்தப்பா. மணக்கோலத்தோடு வாசல் வரை ஓடிப்போய்ப் பார்த்தேன். தெருவில் அவர் இல்லை. இருபத்தேழு வருஷமாக என் கல்யாண ஆல்பத்தை நானாக எடுத்துப் பார்த்ததே கிடையாது.

சித்தப்பா திருவல்லிக்கேணிக்குக் குடிபோனார். போன கையோடு ராஜாவையும் மாற்றிவிட்டார். அதுவரை இரண்டு பேருக்கும் தஞ்சாவூர் ராஜாதான். அண்ணன் ராஜா தனக்கு வேண்டாம் என்று, பக்கத்திலேயே பெரிய மசூதி இருக்கிற தெம்பில், காப்பைக் கொடுத்தது ஆற்காட்டு நவாப் என்று சொல்ல ஆரம்பித்தார். நான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். டிபன் எடுத்துப்போனால் வாங்கிக்கொள்வார். வீட்டுக்குச் சாப்பிட வாங்க என்றால் அன்றைக்கு டெஸ்ட் மாட்ச் ஸ்கோர் என்ன என்று கேட்பார்.

இப்போது என் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகையோடு சித்தப்பாவைப் பார்க்கப் போனேன்.

"உங்கப்பன் வந்து கூப்பிடட்டும் கண்ணு. என்னுது வலது கைன்னு ஒத்துக்கினு கூப்பிடட்டும். வரேன்," என்றார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன்.

"இடது கைன்னு ஒத்துக்கிட்டு அவன் வரட்டும். நானா வேணாங்கறேன்?" என்றார்.

ஒருவருக்கு எண்பத்தொன்று, மற்றவருக்கு எழுபத்தாறு. இரண்டு பேர் தலையையும் பிடித்து முட்டவிடலாம் போல இருந்தது. ஆனால் ஒன்றில் நான் பிடிவாதமாக இருந்தேன். என் கல்யாணத்தில் சாப்பிடாமல் போன மனுஷன் என் பெண் கல்யாணத்தில் சாப்பிட்டாக வேண்டும். மற்றபடி நாதஸ்வரம் யார், மெனு என்ன, புடவை எங்கே எடுத்தது, எது எப்படிப் போனாலும் எனக்குக் கவலை இல்லை.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அப்பாவின் காப்பு கருத்துப்போயிருந்ததால் பாலிஷுக்கு எடுத்துப்போனேன். குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் வெள்ளிப் பட்டறை. கோயில் கவசம், வாகனத் தகடு எல்லாம் அங்கேதான் பளபளப்பாகும். பட்டறைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். ஒரு காதில் இயர்போன், கையில் பூந்திக்கொட்டை நுரை. ஏகப்பட்ட வேலை, தலை நிமிர நேரமில்லை. காப்பை வாங்கித் தண்ணீரில் முக்கித் தேய்த்தவர், சட்டென்று தலை நிமிர்ந்தார்.

"இன்னாக்கா, எந்தக் கோயில்து இது?"

"கோயில்து இல்ல. எங்க வீட்டுது. ராஜா தோள்ல போட்ட காப்பு."

அவர் காப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இயர்போனைக் கழற்றினார்.

"எந்த ராஜாவுக்குக்கா இம்மாம் பெரிய கை கீது?"

"அந்தக் காலத்து ஆளுங்க உடம்பு அப்படி," என்றேன். ஏழு வயதில் நம்ப மறுத்த அதே வசனம் என் வாயிலிருந்தே வந்ததைக் கேட்டு எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

"கையில போடற வங்கின்னா பூட்டு இருக்கும்கா, இல்ல வாய் பொளந்துக்கினு இருக்கும். இது முழு வளையம். இத்தைப் பாரு, இந்தப் பக்கம் அகலம். அந்தப் பக்கம் சுருங்கிக்கினே போவுது. மனுசன் கை அப்படியா கீது? இது யானைத் தந்தத்துக்கு மாட்டற பூணுக்கா."

நான் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். செல்போனை எடுத்து ஏதோ கோயில் திருவிழாப் படம் ஒன்றைத் தேடிக் காட்டினார். நெற்றிப்பட்டம் கட்டிய பெரிய கொம்பன் யானை. இரண்டு தந்தத்திலும் வரிசையாக வளையங்கள். எங்கள் ராஜா காப்பு நான்கு அங்கே வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது.

"உள்ள ஒரு கோடு இருக்கே, அது என்ன?" என்று கேட்டேன். குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

"அது நம்பருக்கா. தந்தம் நுனியில சிறுசு, உள்ள போகப் போகப் பெருசு. எது முன்ன எது பின்னன்னு மாறிடக்கூடாதுன்னு கோடு போட்டுக்கினு இருப்பாங்க. ஒத்தக் கோடு நுனிக்கு. ரெண்டு கோடு அதுக்கு அடுத்தாப்ல."

"ரெண்டு கோடு போட்டது எங்க சொந்தக்காரங்க வீட்ல இருக்கு."

"பக்கத்துல வச்சுப் பாரு. இதோட பெரிய வாயும் அதோட சின்ன வாயும் ஒண்ணா உக்காந்துச்சுன்னா ரெண்டும் ஒரே தந்தத்துல இருந்தது. வலது தந்தமும் இடது தந்தமும் ஒரே பருமனா இருக்காதுக்கா."

காப்பை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். நாலு எட்டு நடப்பதற்குள் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தாத்தா, அப்பா, என் கணவர், எத்தனையோ ஒன்றுவிட்ட அண்ணன்கள், மாமாக்கள், அத்தனை பேரும் யானையின் பல் வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வேர்த்து வழிந்து உட்கார்ந்திருக்கிறார்கள்! குளத்தங்கரை நடைபாதையில் பூக்கூடைக்குப் பக்கத்தில் நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

"இன்னாமா, நல்ல சேதியா?" என்றாள் பூக்காரம்மா.

"கல்யாணம்," என்றேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

வீட்டுப் படியில் கால் வைத்தபோதுதான் சிரிப்பு நின்றது. அப்பாவுக்கு இதை எப்படிச் சொல்வது? அவர் ஓர் அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகாரி எவனாவது திட்டிய நாளில் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அலமாரியைத் திறப்பார். காப்பை எடுத்து விபூதி போட்டுத் துடைப்பார். துடைத்து முடிக்கும்போது முகம் தெளிந்திருக்கும். "நாம யாருன்னு அவனுக்குத் தெரியாதும்மா," என்பார். அந்த ராஜாவை நான் நம்பாமல் இருந்தது வேறு. அப்பாவிடமிருந்து பிடுங்குவது வேறு. சொல்லக்கூடாது என்று முடிவு செய்தேன். எனக்குப் பயமாகவே இருந்தது.

மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு அது ஒரு சாதனை. நாலாம் நாள் சாயங்காலம் காபி குடிக்கும்போது என் பெண் ஆரம்பித்தாள்.

"தாத்தா, சின்னத் தாத்தாவை நீங்களே போய்க் கூப்பிடுங்களேன். எனக்காக."

"இடது கைன்னு ஒத்துக்கட்டும்மா. நாளைக்கே போறேன்," என்றார் அப்பா, காபியை ஆற்றிக்கொண்டே.

"இடதும் இல்ல, வலதும் இல்ல!" என்று கத்திவிட்டேன். "கையே இல்லப்பா! ராஜாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது யானைத் தந்தத்துல மாட்டற பூண். நீங்க ரெண்டு பேரும் இத்தனை வருஷமா ஒரு யானையோட பல்லுக்குச் சண்டை போட்டுக்கிட்டிருக்கீங்க!"

பட்டறையில் கேட்டதை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். என் பெண் என்னை முறைத்தாள். அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்துபோய்க் காப்பை எடுத்துவந்தார். என் தையல் மெஷின் மேலிருந்த டேப்பை எடுத்து ஒரு வாயை அளந்தார், மறு வாயை அளந்தார். திருப்பி இன்னொரு முறை அளந்தார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நாலு நாளா."

டேப்பைச் சுருட்டி மெஷின் மேல் வைத்தார். மீதிக் காபியைக் குடிக்கவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். அன்றைக்குச் சறுக்கியது என் நாக்கு. சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அப்பா குளித்து, தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மஞ்சப்பையோடு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஆட்டோ கூப்பிடு. திருவல்லிக்கேணி."

"எதுக்குப்பா?" என்றேன். சண்டைக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

"இதை நான் வேற யார்கிட்டம்மா சொல்றது? மாப்பிள்ளைகிட்ட சொன்னா சிரிப்பாரு. சம்பந்தி வீட்ல சொன்னா அவங்களும் சிரிப்பாங்க. நீயும் சிரிச்சிருப்பே, எனக்குத் தெரியும். இதைக் கேட்டு 'ஐயோ அண்ணே'ன்னு சொல்ல உலகத்துல ஒருத்தன்தான் இருக்கான்."

ஆட்டோவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். கடற்கரைச் சாலை முழுக்க மடியில் மஞ்சப்பையை அணைத்தபடி வந்தார்.

சித்தப்பா இருப்பது ஒரு மேன்ஷனுக்குப் பக்கத்து வீட்டு மாடியில், ஒற்றை அறை. மேன்ஷன் பால்கனியில் வரிசையாகப் பனியன்கள் காய்ந்துகொண்டிருந்தன. கீழே மெஸ்ஸிலிருந்து சாம்பார் வாசனை. மாடிப்படி குறுகல். அப்பா கைப்பிடிச் சுவரைப் பிடித்து, நின்று நின்று ஏறினார். சித்தப்பா கதவைத் திறந்துகொண்டு, கையில் பேப்பரோடு நின்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"மாடி ஏறியா வந்தே?" என்றார் சித்தப்பா.

"பின்ன, லிஃப்ட்டா வச்சிருக்கே?" என்றார் அப்பா.

"வலது கைன்னு ஒத்துக்கறியா?"

"முதல்ல உக்காருடா. கையே இல்லடா." அப்பாவின் குரல் உடைந்துவிட்டது. "யானைடா. ராஜா இல்லடா, யானை."

சித்தப்பா கட்டிலில் உட்கார்ந்தார். நான்தான் மீதியைச் சொன்னேன். பூண், கோடு, நுனி, அடுத்தது எல்லாம். அம்பயர் கேட்பதைப் போல முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் கேட்டுக்கொண்டார். எழுந்துபோய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தார். பழைய அம்பயர் கோட்டில் சுற்றி வைத்திருந்த தன் காப்பை எடுத்தார். அது கருகருவென்றிருந்தது. மேஜை மேல் அதன் பெரிய வாய் கீழே இருக்கும்படி வைத்தார். அப்பா பாலிஷ் போட்ட தன் காப்பை எடுத்து அதன் மேல் வைத்தார். சித்தப்பா அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். மேல் வளையம் கீழ் வளையத்தின் மேல் சத்தமே இல்லாமல் உட்கார்ந்தது. விரலால் சுற்றித் தடவிப் பார்த்தேன். நடுவில் ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

சித்தப்பா மெதுவாக வலது கையைத் தூக்கி, ஆள்காட்டி விரலை அப்பாவுக்கு முன்னால் நீட்டினார்.

"நீ அவுட்டு." விரலைத் திருப்பித் தன் நெஞ்சைக் காட்டினார். "நானும் அவுட்டு."

அப்பா முதலில் சிரித்தார். பிறகு சித்தப்பா. "யானைப் பல்லுக்கா அண்ணே! இருவத்தேழு வருஷம், யானைப் பல்லுக்கா!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வழிந்தது. கீழே மெஸ்காரர் என்ன ஆயிற்றோ என்று மேலே ஏறி வந்து எட்டிப்பார்த்துவிட்டு, மூன்று டீ கொடுத்தனுப்பினார். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது சும்மா சொன்ன வார்த்தை இல்லை.

டீ குடித்து முடிப்பதற்குள் அப்பா தேறிவிட்டார்.

"ஏண்டா, யானை வச்சிருந்தவன் ராஜாவாத்தானே இருக்கணும்?"

"கோயில் யானையா இருந்தா?"

"கோயிலைக் கட்டினவன் யாரு? ராஜா."

"கரெக்டு," என்றார் சித்தப்பா.

"ராஜா யாருக்கு வேணும்னாலும் கழட்டிக் குடுப்பாருடா. பாட்டுப் பாடினாக்கூடக் குடுப்பாரு. யானை தந்தத்துல கை வச்சு ஒருத்தன் பூணைக் கழட்டினான்னா, அது அவன் மேல எவ்வளவு நம்பிக்கை வச்சிருக்கணும்? நம்ம முப்பாட்டன் சாதாரண ஆளா?"

"திருடிக்கினு வந்திருந்தா?" என்றார் சித்தப்பா.

"யானைகிட்டயே திருடினான்னா இன்னும் பெரிய ஆளு!"

ஐந்து நிமிஷத்தில் ராஜ பரம்பரை பழையபடி நிமிர்ந்துவிட்டது. அதற்கு மேல் நம்பாமல் இருக்க எனக்கும் இஷ்டமில்லை. கிளம்பும்போது அப்பா பத்திரிகையில் மஞ்சள் தடவி, தன் கையாலேயே தம்பியிடம் நீட்டினார்.

"பேத்தி கல்யாணம். வந்துடு."

"வரேன் அண்ணே," என்றார் சித்தப்பா. சாப்பிடுகிறேன் என்று சொல்லவில்லை. நான் அதைக் கவனித்தேன்.

கல்யாணம் அபிராமபுரத்தில் ஒரு சின்ன மண்டபத்தில். சித்தப்பா காலை ஆறு மணிக்கே வந்துவிட்டார். மாப்பிள்ளை ஒல்லி. அவருடைய தோளுக்கு ஈரிழைத் துண்டு பத்தாது, ஜமக்காளம்தான் சுற்ற வேண்டும் என்றார் என் கணவர். அனுபவஸ்தர் பேச்சு. அப்பாவும் சித்தப்பாவும் ஆளுக்கொரு துண்டோடு நெருங்கியபோது என் பெண் குறுக்கே கையை நீட்டினாள்.

"ஒண்ணு எனக்கு. ராஜா தோள்னுதான் ஆம்பளைங்களுக்கு மட்டும் போட்டீங்க. இப்பதான் ராஜாவே இல்லையே."

பெரியவர்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "அம்பயர், நீ சொல்லுடா," என்றார் அப்பா. சித்தப்பா ஒரு கணம் யோசித்துவிட்டு, தன் காப்பை என் பெண்ணின் பட்டு ரவிக்கைக்கு மேல் துண்டு சுற்றி ஏற்றினார். துண்டு சுற்றிய விதம் கோணலாகத்தான் இருந்தது. என் பள்ளிக்கூடத்துப் பின்னல்கள் ஞாபகம் வந்தன. அப்பா தன்னுடையதை மாப்பிள்ளைக்குப் போட்டார். பெண்ணும் மாப்பிள்ளையும் ஆளுக்கு ஒரு கையை விலக்கி வைத்துக்கொண்டு மணையில் உட்கார்ந்தார்கள். அத்தனை அழகான கோணலை நான் பார்த்ததில்லை.

தாலி கட்டி முடிந்ததும் சம்பந்தி, காப்பைப் பற்றி விசாரித்தார். அப்பாவுக்கு அது போதாதா?

"தஞ்சாவூர் அரண்மனை யானையோடது," என்று ஆரம்பித்தார்.

"நவாப் யானை," என்றார் சித்தப்பா.

"தஞ்சாவூர்டா."

"நவாப் அண்ணே. திருவல்லிக்கேணி பூரா யானை நின்ன ஊரு."

"நீ பாத்தியா?"

"நீ பாத்தியா?"

சித்தப்பாவின் முகம் சிவந்தது. அவர் விருட்டென்று திரும்பி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார். அதே நடை. இருபத்தேழு வருஷத்துக்கு முந்திய அதே முதுகு. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். இந்தத் தடவை வாசலுக்கு முன்னாலேயே பிடித்துவிட்டேன். இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றேன்.

"சித்தப்பா, சாப்பிடாம போனீங்கன்னா நான் சும்மா இருக்கமாட்டேன். சொல்லிட்டேன்."

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"யாரு கண்ணு போறா? கை கழுவற இடம் எங்க கீதுன்னு தேடிக்கினு போறேன். பசி உயிர் போவுது."

முதல் பந்தியில் நடு வரிசையில் கொண்டுபோய் உட்காரவைத்தேன். பரிமாறுகிறவர் இலை போட்டார். சித்தப்பா பக்கத்து நாற்காலிக்கு முன்னால் கையைக் காட்டி, "இங்கயும் ஒரு இலை போடுப்பா," என்றார்.

"பக்கத்துல யாரு சார் வராங்க?"

"யாரும் வரல. ரெண்டும் எனக்குத்தான்."

இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இந்த இலை உன் கல்யாணத்துது கண்ணு. ரொம்ப நாளா ஆறிப்போய்க் கெடக்குது. முதல்ல இத்தைச் சாப்பிட்டு முடிச்சுட்டு அப்புறம் பேத்தியோடதுக்கு வரேன்."

எதிர் நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். எடுத்துப் பார்த்தபோது அப்பா பந்திக்கு நடுவே வந்துகொண்டிருந்தார். பரிமாறுகிறவர் கையிலிருந்த பாயச வாளியைப் பிடித்து இழுத்தார்.

"விடுப்பா. இது என் பொண்ணு கல்யாணம்," என்று சொல்லி, தம்பியின் முதல் இலையில் ஒரு கரண்டி ஊற்றினார்.